மெட்ராஸ் பட்டாளக் கல்லுகளும் எங்க பக்கத்து நடுகல்லும்

சென்னைக்குப் போறவங்க எங்கெல்லாம் போவாங்க? மெரினா, தி.நகர், வண்டலூர், நேரம் மிச்சம் இருந்தா மகாபலிபுரம். மெரினாவுக்கு வடக்குக் கோடியில தூண் தூணா வட்டமா ஒரு கட்டடம் நிக்குமே, அதை பஸ்ஸுல போகும்போது லட்சம் பேர் பார்த்திருப்பாங்க. அது என்னன்னு கேட்டா "வார் மெமோரியல் ஸ்டாப்பிங்" என்பார்கள். அவ்வளவுதான். நான் சென்னைக்குப் போகும்போதெல்லாம் இந்த மாதிரி இடங்களாப் பார்த்து சுத்துறது வழக்கம். கூட வர்றவங்க தலையில அடிச்சுக்குவாங்க. :-)

நமக்கு ஊர் குரங்கணி. போடிநாயக்கனூருக்கு வடமேற்கே, கொட்டகுடி ஆத்தை ஒட்டின மலையடிவாரம். மேலே ஏறினா ஏலத்தோட்டம், அதுக்கும் மேல டாப் ஸ்டேஷன். 2018 மார்ச்சில் நடந்த காட்டுத்தீக்கு அப்புறம்தான் வெளியூர்ல பல பேருக்கு இந்தப் பெயரே தெரிந்தது. ஏலக்கா மணக்கிற ஊர்க்காரனுக்கு பீரங்கியோட என்ன வேலைன்னு கேட்கலாம். ரெண்டு விஷயம் இருக்கு.

ஒண்ணு ரயில். மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை 1928-ல் வந்தது. ரெண்டாம் உலகப் போர் நேரத்துல அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. அன்னைக்கு இரும்புக்கு அவ்வளவு கிராக்கி. திரும்ப ரயில் ஓடினது சுதந்திரம் எல்லாம் கிடைச்ச பிறகு, 1950-களில். ஒரு குண்டுகூட விழாத ஊருக்குள்ள போர் வந்து ரயிலைத் தூக்கிட்டுப் போயிருக்கு!

ரெண்டாவது, எங்க அப்பத்தாவோட தம்பி. 1942 வாக்கில் பட்டாளத்துக்குப் போனவர். "ரங்கூன் பக்கம் போனான்" என்று மட்டும்தான் அப்பத்தா சொல்லும். கொஞ்ச நாள் மாசாமாசம் மணியார்டர் வந்திருக்கு. அப்புறம் நின்னுபோச்சு. வீட்டுக்குத் தெரிஞ்ச சாவுச் செய்தி அதுதான். செத்த தேதி தெரியாததால திதி கிடையாது, ஆடி அமாவாசைக்குத்தான் அவருக்கும் சேர்த்து எள்ளுந் தண்ணியும். அவர் பேர் எங்கேயாவது ஒரு கல்லுல இருக்காதா என்ற நப்பாசைதான் என்னை இந்த இடங்களுக்கெல்லாம் இழுத்துக்கிட்டுப் போனது.

இப்ப நம்ம ஆளுங்களுக்கு வசதி. 2023 ஜூன் 15-ல் இருந்து போடியில ஏறினா நேரா சென்னை சென்ட்ரல். (எங்க மலையிலயும் ஒரு சென்ட்ரல் ஸ்டேஷன் உண்டு. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலையைக் கீழே இறக்கின பழைய ரோப்வேக்கு நடு நிலையம் அது. அதைப் பத்தி எழுத ஆரம்பிச்சா இன்னொரு பதிவு ஆயிடும்.) சென்ட்ரல்ல இறங்கி நடந்தே மூணு இடம் பார்த்துடலாம்.

முதல்ல ஹைகோர்ட். 1914 செப்டம்பர் 22 ராத்திரி, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மெட்ராஸுக்கு வந்து கரையைப் பார்த்துச் சுட்டது. கேப்டன் பேர் கார்ல் ஃபான் முல்லர். துறைமுகத்துப் பக்கம் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பத்திக்கிட்டு எரிஞ்சது. அரை மணி நேரம், ஏறக்குறைய 130 குண்டுகள், முடிஞ்சது கதை. கப்பல் இருட்டுல மறைஞ்சு போயிருச்சு. ஒரு குண்டு ஹைகோர்ட் வளாகத்துச் சுவரில் விழுந்தது. கிழக்குச் சுவரில் அந்த இடத்துல கல்வெட்டு வெச்சிருக்காங்க. அடுத்த நவம்பர் 9-லேயே கோகோஸ் தீவுகள் பக்கம் ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி, எம்டனை அடிச்சு நொறுக்கிருச்சு. ஆனா மெட்ராஸ்ல கிளம்பின பீதி அடங்க ரொம்ப நாள் ஆனது. ஜனங்க மூட்டை முடிச்சோட ஊரைக் காலி பண்ணிப் போனாங்க.

என்னைக் கேட்டால் எம்டனுக்கு உண்மையான நினைவுச்சின்னம் அந்தக் கல் இல்லை, நம்ம பாஷைதான். "அவன் பெரிய எம்டன்டா" என்று எங்க போடிச் சந்தையில ஏலக்கா தரகர் சொல்றதைக் கேட்டிருக்கேன். அவருக்குக் கப்பலும் தெரியாது, முல்லரும் தெரியாது. செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பல்ல வந்தார் என்றும் ஒரு கதை ரொம்ப காலமா சுத்துது. கேட்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ஆதாரம் கிடையாது. அந்தச் சமயம் அவர் ஐரோப்பாவில் இருந்தார்.

அடுத்து கோட்டை. தலைமைச் செயலகம் உள்ளே இருக்கிறதால வாசல்ல சோதனை உண்டு. பைக்குள்ள கத்தி கித்தி வேண்டாம். வெள்ளிக்கிழமை மியூசியம் லீவு. மியூசியக் கட்டடம் 1795-ல் முடிஞ்சது, மியூசியமா மாறினது 1948-ல். துப்பாக்கி, வாள், மெடல், யூனிஃபார்ம் என்று கம்பெனிக்காரன் காலத்துச் சாமான் எல்லாம் இருக்கு. காரன்வாலிஸ் சிலை ஒண்ணு ஆளுயரத்தைவிடப் பெரிசா நிக்குது. எல்லாரும் மூஞ்சியைப் பார்த்துட்டுப் போயிடுறாங்க, நீங்க பீடத்தைப் பாருங்க. 1792-ல் திப்பு சுல்தான் தன்னோட ரெண்டு பிள்ளைகளைப் பிணையாக் கொடுத்த காட்சியைச் செதுக்கியிருக்காங்க. சின்னப் பசங்க. ஒருத்தன் ஜெயிச்சான்னு காட்ட, தோத்தவனோட பிள்ளைகளைக் கல்லுல வெச்சிருக்காங்க. எனக்கு அங்கிருந்து நகரவே மனசு வரலை.

அதே மியூசியத்துல, 1947 ஆகஸ்ட் 15 விடியக்காலை கோட்டையில ஏத்தின தேசியக் கொடியும் இருக்கு. 2013-ல் இருந்து மக்கள் பார்வைக்கு வெச்சிருக்காங்க. பட்டுக்கொடி. அன்னைக்கு ஏத்தின கொடிகள்ல தப்பிப் பிழைச்சது இது ஒண்ணுதான்னு சொல்றாங்க. திப்பு பிள்ளைகளைப் பார்த்த கண்ணால இதையும் பார்த்துட்டு வெளியே வாங்க, கொஞ்சம் ஆறுதலா இருக்கும்.

கோட்டைக்குத் தெற்கே கொஞ்ச தூரத்துல நம்ம "ஸ்டாப்பிங்". முழுப்பெயர் போர் வெற்றி நினைவுச்சின்னம். முன்னாடி அந்த இடத்துக்கு க்யூபிட்ஸ் போ என்று பேர், அதாவது மன்மதன் வில்! மன்மதன் வில் இருந்த இடத்துல போர் நினைவிடம் வந்தது எந்தக் கவிஞனுக்கும் தோணாத கற்பனை. முதல் உலகப் போர்ல நேச நாடுகள் ஜெயிச்சதைக் கொண்டாடத்தான் கட்டினாங்க. பிறகு ரெண்டாம் போரையும் சேர்த்தாங்க. சென்னை மாகாணத்திலிருந்து போய் உயிர் விட்ட எல்லாருக்குமான நினைவு என்று எழுதியிருக்கு. சுதந்திரத்துக்கு அப்புறம் 1948 காஷ்மீர், 1962 சீனப் போர், 1971 பாகிஸ்தான் போர் எல்லாம் சேர்ந்தது. விஜய் திவஸ் மாதிரி நாட்கள்ல ராணுவத்தினர் வந்து மலர்வளையம் வைப்பாங்க.

அங்க நின்னப்ப தோணினது இது. "எல்லாருக்கும்" என்ற வார்த்தைக்குள்ள எங்க சின்னத் தாத்தாவும் அடக்கம்தான். ஆனா எல்லாரும் என்று சொல்லிட்டா யாருமே கண்ணுக்குத் தெரியறதில்லை. வெற்றி என்ற வார்த்தை மட்டும் பெரிசாத் தெரியுது. யாரோட வெற்றி? அந்த ரெண்டு போரையும் தொடங்கலாமா வேணாமான்னு நம்மகிட்ட ஒருத்தரும் கேட்கலை.

கல்லு வெச்சா அது நிரந்தரம்னு நினைக்கிறோம், அதுவும் இல்லை. நீல் துரை கதை தெரியுமா? மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ் படைத் தளபதி. 1857 கிளர்ச்சியின்போது காசியிலயும் அலகாபாத்திலயும் கணக்கில்லாம ஜனங்களைத் தூக்குல போட்டவர். லக்னோ சண்டையில செத்தார். அவருக்கு நம்ம மவுண்ட் ரோட்டுல சிலை! 1927-ல் அதை எடுக்கச் சொல்லி சத்தியாகிரகம் நடந்தது. நிறைய பேர் ஜெயிலுக்குப் போனாங்க. பத்து வருஷம் கழிச்சு, 1937-ல் ராஜாஜி ஆட்சிக்கு வந்த பிறகுதான் சிலை நகர்ந்தது. இப்ப எழும்பூர் மியூசியத்துல இருக்கு. உடைக்கலை, உருக்கலை, மியூசியத்துக்குள்ள தள்ளிட்டாங்க. அதுதான் சரியான தண்டனைன்னு நினைக்கிறேன். தெருவுல நின்னா அவர் வீரர். மியூசியத்துல நின்னா அவர் ஒரு சாட்சி.

அடுத்த இடம் கொஞ்சம் தூரம். நந்தம்பாக்கம், மவுண்ட்–பூந்தமல்லி ரோடு. மெட்ராஸ் வார் செமட்டரி. 1952-ல் உருவாக்கினது. தென்னிந்தியா, கிழக்கிந்தியா முழுக்க அங்கங்க சிதறிக் கிடந்த ரெண்டாம் போர்க் கல்லறைகளை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தாங்க. மொத்தம் 857 பேர். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிக்குது. புல்லுகூட அளவெடுத்து வெட்டின மாதிரி இருக்கும். ஒவ்வொரு கல்லுலயும் பேர், வயசு, படைப்பிரிவு, செத்த தேதி. சிலதுல வீட்டுக்காரங்க எழுதி அனுப்பின ஒரு வரி. பத்தொன்பது வயசு, இருபத்தொரு வயசு என்று வாசிச்சுக்கிட்டே போனா தொண்டை அடைக்கும். எந்தத் தேசத்து அம்மா பெத்த பிள்ளையா இருந்தா என்ன.

அங்கேயே முதல் போருக்கான நினைவுச் சுவரும் இருக்கு. இந்தியாவுல பல மூலைகள்ல புதைக்கப்பட்டு, கல்லறையைப் பராமரிக்க முடியாமப் போன ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்க பேரு அதுல.

அப்ப நம்ம ஊர் சிப்பாய்களுக்கு? தமிழ்நாட்டுக் கிராமங்கள்ல சில இடத்துல ஒரு சின்ன சலவைக்கல் பார்த்திருப்பீங்க. பழைய சாவடிச் சுவர்லயோ பள்ளிக்கூடத்துச் சுவர்லயோ பதிச்சிருக்கும். இந்தக் கிராமத்திலிருந்து 1914 முதல் 1919 வரை பெரும் போருக்குப் போனவர்கள் இத்தனை பேர், அதில் உயிரை விட்டவர்கள் இத்தனை பேர் என்று இங்கிலீஷ்ல இருக்கும். பேர் இருக்காது. எண்ணிக்கை மட்டும். நெல் மூட்டைக் கணக்கு மாதிரி. நந்தம்பாக்கத்துக்கும் இந்தச் சாவடிக் கல்லுக்கும் உள்ள தூரம்தான் ராஜாவோட பிள்ளைக்கும் குடியானவன் பிள்ளைக்கும் உள்ள தூரம்.

இது நான் வயித்தெரிச்சல்ல சொல்றதில்லை. 2021 ஏப்ரலில் அந்தக் கல்லறை ஆணையமே ஒரு அறிக்கை வெளியிட்டுச்சு. முதல் போர்ல செத்த இந்திய, ஆப்பிரிக்க, எகிப்திய வீரர்கள்ல 45,000 முதல் 54,000 பேர் வரை மத்தவங்களுக்குச் சமமா நினைவுகூரப்படலை. அதுக்கு மேல குறைஞ்சது 1,16,000 பேருக்குப் பேரைச் சொல்லியோ, சில சமயம் மொத்தமாவோகூட நினைவுச்சின்னமே இல்லை. அந்த எண்ணிக்கை 3,50,000 வரைகூடப் போகலாமாம். ஆணையம் மன்னிப்பும் கேட்டது. நூறு வருஷம் கழிச்சு.

ரெண்டாம் போர்ல நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. பர்மாவுல செத்து, கல்லறை எங்கேன்னு தெரியாத சுமார் 27,000 பேரோட பேரை ரங்கூனுக்கு வெளியே, தவுக்கியான் என்ற இடத்துல, தூண் தூணாப் பொறிச்சிருக்காங்க. ரங்கூன் நினைவிடம் என்று பேரு. ஆணையத்தோட வலைத்தளத்துல பேரைப் போட்டுத் தேடலாம். நானும் ஒரு ராத்திரி உட்கார்ந்து தேடினேன். எங்க தாத்தாவுக்கு இருந்தது எங்க பக்கம் வீட்டுக்கு ஒருத்தருக்கு இருக்கிற பேரு. வரிசையா வந்துக்கிட்டே இருக்கு. சிலருக்கு அப்பா பேரு, ஊரு, ஜில்லா எல்லாம் போட்டிருக்கு, அதெல்லாம் வேற ஆளுங்க. மிச்சம் உள்ளவங்களுக்கு வெறும் பேரும் நம்பரும். அதுல ஒருத்தர் அவரா இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பேர் மட்டும் போதாது, ஊரும் வேணும்னு அன்னைக்குத்தான் உறைச்சது.

இந்த இடத்துல எங்க தேனி மாவட்டத்தைப் பத்திக் கொஞ்சம் பெருமை அடிச்சுக்கிறேன், பொறுத்துக்கணும். :-)

ஆண்டிபட்டி பக்கம், வைகைக் கரையில புலிமான்கோம்பை என்று ஒரு ஊர். 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்க மூணு நடுகற்களைக் கண்டுபிடிச்சாங்க. தமிழ்-பிராமி எழுத்து. அதுவரைக்கும் தமிழ்-பிராமி என்றால் குகைப் படுக்கையிலயும் பானை ஓட்டிலயும்தான், நடுகல்லுல கிடைச்சது கிடையாது. காலம் கி.மு. 3-ஆம் நூற்றாண்டை ஒட்டி என்கிறார்கள், இன்னும் கொஞ்சம் முந்தி என்பவர்களும் உண்டு. அதுல ஒரு கல்லு என்ன சொல்லுது தெரியுமா? கூடல் ஊரில் நடந்த ஆகோளில் இறந்துபோன தீயன் அந்தவனின் கல். ஆகோள் என்றால் மாடு பிடிச்சுட்டுப் போற சண்டை. தொல்காப்பியத்துல வெட்சித் திணையில வர்ற அதே சொல்.

வெற்றி தோல்வி எதுவும் அந்தக் கல்லுல இல்லை. ராஜா பேரும் இல்லை. செத்தவன் யாரு, எங்க, எதுக்காக. மூணே விஷயம். மாடு பிடிக்கிற சண்டையில செத்த ஒரு சாதாரண ஆளுக்கு இருபத்திரண்டு நூற்றாண்டுக்கு முன்னாடி வைகைக் கரையில கிடைச்ச மரியாதை, உலகப் போர்ல செத்த அதே மண்ணுக்காரனுக்கு 1919-ல் சாவடிச் சுவர்ல கிடைக்கலை. கல்லைத் தேடிக் காண்பது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையல் போடுவது, வாழ்த்துவது என்று நடுகல்லுக்குப் படிப்படியா தொல்காப்பியமே முறை வகுத்து வெச்சிருக்கு. சாவைக் கௌரவிக்க வெள்ளைக்காரன்கிட்ட நாம படிக்கவேண்டியது ஒண்ணும் இருக்கலை.

சென்னையை விட்டுக் கொஞ்சம் தலைநகர் டெல்லிக்கும் போயிட்டு வந்துடுவோம். 1931-ல் திறந்த இந்தியா கேட், முதல் போர்லயும் அதை ஒட்டின சண்டைகள்லயும் செத்த 70,000-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களுக்கானது. ஆனா அதுல பொறிச்ச பேரு 13,000 சொச்சம்தான். 1972 ஜனவரி 26-ல் அதன் கீழே அமர் ஜவான் ஜோதி ஏத்தினாங்க. சுதந்திர இந்தியாவுக்காகச் செத்தவங்களுக்குத் தனியா ஒரு தேசியப் போர் நினைவிடம் 2019 பிப்ரவரி 25-ல் தான் வந்தது. 2022 ஜனவரியில ஜோதியையும் அங்க கொண்டுபோய்ச் சேர்த்துட்டாங்க. வட்ட வட்டமா நாலு சக்கரம், நடுவுல தூண். தியாகச் சக்கரத்துல ஒவ்வொரு வீரருக்கும் ஒரு கிரானைட் கல், அதுல அவர் பேர். திறந்தபோது கணக்கு 25,942. இதை வடிவமைச்சவர் நம்ம சென்னைக் கட்டடக்கலைஞர் யோகேஷ் சந்திரஹாசன். உலக அளவுல நடந்த போட்டியில ஜெயிச்சது அவரோட வடிவமைப்பு. ஆளுக்கு ஒரு கல், கல்லுக்கு ஒரு பேரு... அவர் நடுகல்லை நினைச்சாரோ இல்லையோ, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

அங்கேயே பரம்வீர் சக்கரம் வாங்கின 21 பேருக்கும் மார்பளவுச் சிலை. அதுல ஒருத்தர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், தமிழர், பம்பாயில் பிறந்தவர். 1987 நவம்பர் 25-ல் இலங்கையில் அமைதிப்படையில் இருந்தபோது இறந்தார். அதே அமைதிப்படையில செத்தவங்களுக்கு இலங்கைத் தலைநகர் ஜெயவர்த்தனபுர கோட்டையிலும் ஒரு நினைவிடம் இருக்கு. ஆனா அந்தப் போர்ல செத்த தமிழ் ஜனங்களோட பேரு ரெண்டு தலைநகர்க் கல்லுலயும் இல்லை. 2009-க்குப் பிறகு வடக்கு கிழக்குல மாவீரர் துயிலும் இல்லங்களையும் புல்டோசர் விட்டு இடிச்சுட்டாங்க. யாருக்குக் கல்லு வைக்கலாம், யாருக்கு வைக்கக்கூடாதுன்னு தலைநகரம்தான் முடிவு பண்ணுது.

யூனிஃபார்ம் போடாம போரால செத்தவங்க கதை இன்னும் மோசம். 1942-43-ல் ஜப்பான்காரன் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதை, 415 கிலோமீட்டர். மலேயா தோட்டங்கள்ல இருந்து பிடிச்சுட்டுப் போன தமிழ்த் தொழிலாளிகள் ஆயிரம் ஆயிரமாச் செத்தாங்க, காலரா, மலேரியா, பட்டினி. தாய்லாந்தின் காஞ்சனபுரியில நேச நாட்டுக் கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறை, வரிசை கலையாம இருக்கு. தமிழனுக்கு ரொம்ப காலம் ஒண்ணும் இல்லை. 2023-ல் தான் அந்த ஊர் புத்த கோயில் ஒண்ணுல அவங்களுக்காக ஒரு கல் நட்டாங்க. அதுக்கு வெச்ச பேரு என்ன தெரியுமா? நடுகல்.

போன வருஷம் ஆடி அமாவாசைக்கு வீட்டுல ஒரு வேலை செஞ்சோம். சின்னத் தாத்தா பேரு, அவங்க அப்பா பேரு, ஊரு, பட்டாளத்துக்குப் போன வருஷம், "பர்மா" என்ற ஒரு சொல். இதை ஒரு சின்னக் கல்லுல வெட்டி எங்க தோட்டத்து மூலையில, இலவ மரத்தடியில வெச்சோம். கல்தச்சர் "செத்த தேதி?" என்று கேட்டார். அந்த இடத்தை அப்படியே வெறுமையா விடச் சொல்லிட்டேன்.

உங்க ஊர்ச் சாவடியிலயோ, ஸ்கூல் சுவர்லயோ, கோயில் பக்கத்துலயோ எண்ணிக்கை மட்டும் போட்ட அந்தச் சலவைக்கல் இருந்தா, சுண்ணாம்பு பூசி மறைக்கிறதுக்குள்ள ஒரு போட்டோ எடுத்து வைங்க. ஊர்ல எண்பது தொண்ணூறு வயசுப் பெரியவங்க இருந்தா, "போனவங்க யாரு யாரு"ன்னு கேட்டு எழுதி வைங்க, அப்பா பேரும் தெருவும் சேர்த்து. எங்களுக்குக் கேட்கிறதுக்கு அப்பத்தா இப்ப இல்லை.